பழைய பைக்குக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய பைக் வைத்திருப்பவர்கள் பலர் அதை நெடுந்தூரம் ஓட்டுவதில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட், லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதி, சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை. அத்துடன் வண்டி வீடு திரும்பிவிடும். "ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, அதற்குள் ஆயில் எதற்கு?" என்று கேட்பவர்களும் இவர்கள்தான்.

பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. விழுப்புரம் வரை ஒரே ஓட்டமாகப் போய் வந்தால் ஆயில் நன்றாகச் சூடேறி, அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் சூடேறுவதற்குள் கடை வந்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, எரிபொருளின் கழிவோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கிறது. கடற்காற்றின் ஈரம் வேறு இதற்குத் துணை. ஆகவே நம் ஊரில் குறைவாக ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது, மாதக் கணக்கும் வேண்டும். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை. மழை ஓய்ந்தபின் தை அல்லது மாசியில் ஒரு முறை. தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி என்றால் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை. இது என் கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு இதைவிடக் குறைந்த இடைவெளி சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

உங்கள் வண்டிக்குள் எத்தனை எண்ணெய்?

ஆயில் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வண்டிக்கு வண்டி கதை வேறு.

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். வேலை எளிது. யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும் 2டி ஆயில் தனி, கியருக்கும் கிளட்சுக்குமான ஆயில் தனி. காஸ்ட் அயர்ன் என்ஜின் கொண்ட பழைய புல்லட்டிலோ என்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் செயின்கேஸுக்கு ஒன்று என மூன்று அறைகள். 1999-இல் வந்த சி.பி.இசட்., 2001-இல் வந்த பல்சர் போன்றவற்றில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக் ஆயிலும் கணக்கில் சேரும். இவை தவிர முன் ஃபோர்க்குக்குள் இருக்கும் ஆயில். அதைப் பத்து வருடமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

ரேடியேட்டர் தண்ணீர் பற்றிய கவலை நமக்கு இல்லை. இந்த வண்டிகள் எல்லாம் காற்றில் குளிர்பவை.

பாட்டிலில் என்ன பார்ப்பது

பைக் ஆயில் வாங்கும்போது முதலில் தேட வேண்டியது கம்பெனிப் பெயரை அல்ல, பாட்டிலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற குறியீட்டை. நம் வண்டிகளின் கிளட்ச் தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி வேலை செய்பவை. உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. 'எம்.பி.' என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு உரியது. வீட்டில் ஸ்கூட்டருக்கு வாங்கி மீந்ததைப் பைக்கில் ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது கெட்டித்தன்மை. பல பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 20டபிள்யூ-40, புல்லட்டுக்கு 20டபிள்யூ-50. பிற்கால ஹீரோ ஹோண்டாக்களுக்குக் கையேட்டில் 10டபிள்யூ-30 என்று இருக்கும். தேய்ந்த பழைய என்ஜினுக்கு நம் வெயிலில் சற்றே கெட்டியான ஆயில் ஊற்றும் மெக்கானிக்குகள் உண்டு. அதில் தவறு காண முடியாது. ஆனால் புகை வருகிறது என்பதற்காக மேலும் மேலும் கெட்டியாக்கிக்கொண்டே போவது நோயை மறைப்பதுதான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ரிங்கை மாற்ற வேண்டும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் இந்த வண்டிகளுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசில் சாதாரண ஆயிலை இரண்டு முறை மாற்றலாம், என்ஜினுக்கு அதுவே நல்லது.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் விலை குறைவு என்று கன்னியக்கோயில் தாண்டி டேங்கை நிரப்பி வருகிறோம். ஆயிலும் அங்கே மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் மாநில வரிக்குள் இருக்கிறது, ஆயிலோ ஜி.எஸ்.டி.க்குள் வந்துவிட்டது, இரண்டு ஊரிலும் வரி ஒன்றுதான். நம்பிக்கையான கடை எது என்று மட்டும் பாருங்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும், தயாரிப்புத் தேதி தெளிவாக இருக்க வேண்டும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் (ஸ்ப்ளெண்டர் வகை என்றால் 17 நம்பர்), அளவு கோடு போட்ட ஜாடி, புனல், அகலமான தட்டு, பனியன் வேஸ்ட், ரப்பர் கையுறை, கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல். தட்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைப் படுக்கவைத்து அகலமான பக்கத்தை வெட்டி எடுத்தால் போதும். மூடியைத் திறந்தாலே பழைய ஆயிலை வேறு பாட்டிலில் ஊற்றிவிடலாம். இரண்டாம் கை ஸ்பேனர்கள் தேடுபவர்களுக்குப் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தை இருக்கிறது. ஆனால் வாய் அகன்று தேய்ந்த ஸ்பேனரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆயிலை வடிக்க என்ஜினின் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டின் தலையை உருட்டையாக்குபவை அவைதான்.

ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். "பழையதே போதும் தம்பி, இதற்கெல்லாமா வாஷர்?" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். "இருக்கட்டும் அண்ணே, ஒன்று கொடுங்கள்" என்று வாங்கிக்கொள்வதே நல்லது. செம்பு, அலுமினிய வாஷர்கள் ஒரு முறை நசுங்கித்தான் கசிவை அடைக்கின்றன. நசுங்கியதையே மறுபடி போட்டால், கசிவை நிறுத்தப் போல்ட்டை அதிகமாக இறுக்குவோம். இறுக்கினால் மரை போகும். சில ரூபாய் வாஷருக்குப் பார்த்து என்ஜின் அறையின் மரையை இழக்கும் வழி இது.

வேலை: 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டி

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். நம் வீட்டு வாசல்கள் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே நிறுத்தினால் ஆயில் முழுதும் வடியாது, அளவும் தப்பாகக் காட்டும். தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் சரிவு தெரிந்துவிடும். அடியில் பழைய சாக்கை விரியுங்கள்.

என்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகினால் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வரும். வெகுதூரம் ஓட்டி வந்த கையோடு திறக்க வேண்டாம், கை வெந்துவிடும். சைலன்சர் பக்கமாகக் கை போகாமல் உட்காருங்கள்.

இப்போது முதலில் திறக்க வேண்டியது மேலே இருக்கும் ஆயில் கேஜ் மூடி, அதாவது அளவு பார்க்கும் கோல் பொருத்திய மூடி. காரணம் இரண்டு. மேலே காற்றுப் போனால் கீழே சீராக வடியும் என்பது ஒன்று. பல வருடமாகத் திறக்காத மூடி இறுகிப்போய்த் திறக்கவே முடியாமல் இருக்கலாம் என்பது மற்றொன்று. அது கீழே ஆயிலை எல்லாம் வடித்த பிறகு தெரியவந்தால், ஆயில் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டியதுதான். மூடியைச் சுற்றி மண் இருந்தால் துடைத்துவிட்டுத் திறங்கள். திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

அடுத்து ட்ரெயின் போல்ட். பழக்கம் இல்லாதவர்கள் தடுமாறும் இடம் இது. போல்ட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. நாம் மேலே இருந்து எட்டிப் பார்க்கிறோம். கீழே படுத்து நேராகப் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். மேலே இருந்து பார்ப்பவருக்கு அது தலைகீழாகிவிடும். கழற்றுவதாக எண்ணிக்கொண்டு இறுக்கிக்கொண்டே போவார். இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பேனரின் பிடி வண்டியின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அதை முன் சக்கரத்தை நோக்கித் தள்ள வேண்டும். வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பின் சக்கரத்தை நோக்கி இழுக்க வேண்டும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் திசையை இன்னொரு முறை சரிபாருங்கள்.

இளகியதும் ஸ்பேனரை வைத்துவிட்டு விரலால் சுற்றுங்கள். கடைசி மரைகளில் போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, கழன்றது தெரிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் விலக்கினால் ஆயில் கையில் கொட்டாது. கொட்டினாலும் போல்ட்டைத் தட்டுக்குள் விட்டுவிடுங்கள், பிறகு தேடிக்கொள்ளலாம். ஆயில் முதலில் வேகமாகப் பாயும், பிறகு ஒழுக்காகும், கடைசியில் சொட்டும். ஒழுக்கு குறைந்தபின் சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை மெதுவாக நான்கைந்து முறை அழுத்துங்கள். ஆயில் பாதைகளில் தங்கியதில் கொஞ்சம் வரும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

போல்ட் துளையைத் துடைத்து, புது வாஷர் போட்டு, விரலாலேயே மரை பிடிக்கும் வரை ஏற்றுங்கள். விரலால் மூன்று, நான்கு சுற்று இலகுவாகப் போக வேண்டும். முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி வையுங்கள். கடைசி இறுக்கத்துக்கு நீளமான பிடி வேண்டாம். ஸ்பேனரைத் தலைக்கு அருகில் பிடித்து, வாஷர் நசுங்குவதை உணர்ந்து ஒரு சிறு இழுப்பு, அவ்வளவே. போல்ட் இரும்பு, அது ஏறும் இடம் அலுமினியம். மோதினால் தோற்பது எது என்று சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே யாரோ மரையைக் கெடுத்து வைத்திருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை உறை பதித்துத் தருவார்கள்.

புது ஆயிலை ஜாடியில் அளந்து ஊற்றுங்கள். பாட்டில் 900 மில்லி, 1 லிட்டர் என்று வரும். முழுதையும் கவிழ்த்துவிட வேண்டாம். 700 மில்லி அளவில் நிறுத்தி, மூடியைப் போட்டு, என்ஜினை இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, இன்னும் மூன்று நிமிடம் காத்திருந்து கேஜ் பாருங்கள். ஹோண்டா வகை வண்டிகளில் கேஜைத் துடைத்து, மரையில் திருகாமல் வாயின் மேல் வெறுமனே வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டு கோடுகளுக்கு இடையில், மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்குப் பலம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. கூடுதல் ஆயிலை உள்ளே சுழலும் கிராங்க் கடைந்து நுரையாக்கும், என்ஜின் மூச்சுவிடும் குழாயான ப்ரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்குள் தள்ளும், வண்டி புகைக்கும்.

இந்த வகை என்ஜினில் மாற்றுவதற்குக் காகித ஃபில்டர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் ஒரு வலைச் சல்லடையும், சுழற்சியால் கசடைப் பிரிக்கும் ஒரு கிண்ணமும் இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய மூடியைக் கழற்றிப் புது பேக்கிங் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தேவையில்லை. கிளட்ச் வேலைக்குத் திறக்கும்போது மறக்காமல் செய்யச் சொல்லுங்கள்.

பழைய ஆயில் சொல்லும் சேதி

வடித்ததை உடனே பாட்டிலில் ஊற்றிவிடாதீர்கள். தட்டை வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். என்ஜினைப் பிரிக்காமல் அதன் உள்ளே பார்க்க நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இது.

கறுப்பாக இருப்பதில் பயமில்லை, கறுப்பது அதன் வேலை. வெயிலில் மெல்லிய வெள்ளிப் பொடி மினுங்குவதும் பழைய என்ஜினில் இயல்புதான். கையுறை போட்ட விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். நெருடும் அளவுக்குத் துகளோ, நகத்தில் எடுக்க வரும் செதிலோ இருந்தால் பேரிங் அல்லது கியர் பல் எதுவோ உதிர்கிறது. அதோடு தொடர்ந்து ஓட்டாமல் காட்டிவிடுங்கள்.

பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்மையான பசை ஒட்டியிருந்தால் குறுந்தூர ஓட்டத்தின் ஈரம் அது. ஞாயிற்றுக்கிழமை நெய்வேலி வரை ஒரு நடை போய் வந்தால் சரியாகிவிடும். தட்டு முழுவதும் காப்பியாக இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கீழே அதற்கென்று ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்து, ஊற்றிய அளவைவிட ஆயில் கூடியும் இருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். கார்புரேட்டரின் மிதவை ஊசி தேய்ந்து, நிறுத்திய வண்டியில் பெட்ரோல் இரவெல்லாம் என்ஜினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஊசியை மாற்றும்வரை, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பழைய வண்டிக்காரர் எல்லோருக்கும் இருக்க வேண்டிய பழக்கம் இது, பலர் விட்டுவிட்டார்கள்.

புல்லட்காரர்களுக்கு

1950-களின் நடுவில் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. அதன் காஸ்ட் அயர்ன் என்ஜினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் மாறவில்லை. இதில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. அந்தத் தொட்டி என்ஜினோடே வார்க்கப்பட்டது. பம்ப் அதிலிருந்து எடுத்து என்ஜினுக்குக் கொடுத்து, மீண்டும் தொட்டிக்குத் திருப்புகிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் தேய்ந்த பம்ப் வழியாக ஆயில் கிராங்க் அறைக்குள் கசிந்து இறங்கிவிடும். அந்த நேரத்தில் கேஜைப் பார்த்தால் ஆயில் குறைந்ததாகத் தெரியும். ஊற்றினால் அளவு மிஞ்சி, ஓடவிட்டதும் ப்ரீதர் வழியாகக் கக்கும். ஆகவே புல்லட்டில் என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே அளவு பார்க்க வேண்டும்.

அடியில் தொட்டிக்கு ஒரு ட்ரெயின் போல்ட், கிராங்க் அறைக்கு ஒரு ட்ரெயின் போல்ட். இரண்டையும் திறந்தால்தான் முழுதும் வடியும். ஃபில்டரை எடுக்கும்போது ஸ்பிரிங், வாஷர், மூடி எல்லாம் எந்த வரிசையில் வந்தன என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது ஃபில்டர் போட்டதும் அந்த அறையைப் புது ஆயிலால் நிரப்பி மூடுங்கள். இல்லாவிட்டால் அது நிரம்பும்வரை, மேலே வால்வுகளை இயக்கும் ராக்கருக்கு ஆயில் போகாது. மூடிய பிறகும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைப் பலமுறை மிதியுங்கள். மாற்றும்போது சுமார் 2 லிட்டர் பிடிக்கும். அதிலும் கடைசிக் கால் லிட்டரைக் கேஜ் பார்த்தே ஊற்றுங்கள்.

கியர்பாக்ஸில் ஈ.பி. 90 கியர் ஆயில், லெவல் போல்ட் துளை வழியே ஆயில் எட்டிப்பார்க்கும் வரை. செயின்கேஸில் 420 மில்லி. பழைய மாடல்களில் செயின்கேஸுக்கு வடிக்கும் போல்ட் தனியாக இல்லை. கால் மிதியைக் கழற்றி, நடுவில் உள்ள ஒற்றை நட்டை எடுத்து, மூடியையே விலக்க வேண்டும். அடியில் தட்டை வைத்துவிட்டுத் தொடுங்கள். ரப்பர் சீல் தடித்துக் கோணியிருந்தால் புதிதாகப் போடுங்கள். புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்ற பழமொழி பாதி இந்தச் சீலால் வந்தது.

போல்ட்டுகளின் அளவு இன்னொரு சிக்கல். இங்கிலாந்தில் பிறந்த வண்டி என்பதால் பல இடங்களில் பழைய இங்கிலீஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் சேர்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் வழுக்கும். சரியான ஸ்பேனர் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

ஆர்.எக்ஸ். 100

இதற்கு அதிகம் சொல்வதற்கில்லை. அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டைத் திறந்து கியர் ஆயிலை வடித்து, சுமார் 650 மில்லி புது ஆயில் ஊற்ற வேண்டும். கிளட்ச் இதற்குள்தான் இருக்கிறது. எனவே இங்கும் ஜாசோ எம்.ஏ. குறியீடு உள்ள ஆயிலே வேண்டும். 2டி ஆயிலைக் கியருக்கும், கியர் ஆயிலை 2டி தொட்டிக்கும் மாற்றி ஊற்றிவிடாமல் இரண்டு பாட்டிலையும் தள்ளித் தள்ளி வையுங்கள். 2டி தொட்டியை ஒருபோதும் வறண்டுபோக விடக்கூடாது. குழாயில் காற்றுப் புகுந்தால், தொட்டியை நிரப்பிய பிறகும் பம்ப் காற்றையே தள்ளிக்கொண்டிருக்கும்; பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பிரேக் ஆயில்

என்ஜின் ஆயிலில் பிசகினால் செலவு, பிரேக்கில் பிசகினால் உயிர். முதன்முறை செய்பவர் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகைக்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி; ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. ஈரம் ஏறியது சூட்டில் கொதித்து ஆவியானால் லீவர் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பது பொது விதி. கடலோரத்தில் அதைத் தள்ளிப்போட இடமில்லை. எது ஊற்ற வேண்டும் என்று தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும், டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கோன். பெயரில் எண் கூடியிருக்கிறது என்று அதை வாங்காதீர்கள், இவற்றோடு கலக்கவே கூடாது. சீல் பிரிக்காத சிறு பாட்டிலாக வாங்குங்கள். மீந்ததை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைப்பதில் பயனில்லை.

ஹேண்டில்பாரைத் திருப்பித் தொட்டி மட்டமாக இருக்கும்படி வையுங்கள். டேங்கின் மேல் ஈரத்துணி போர்த்துங்கள். இந்த எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரியும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மூடியின் திருகுகளுக்குச் சரியான அளவு ஸ்குரூ டிரைவர் வேண்டும். மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சால் தொட்டியில் உள்ள பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். இடையில் லீவரைத் தொடக்கூடாது. கீழே டிஸ்க்கைக் கவ்வும் காலிபரில், ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளில் நிறமற்ற ட்யூபைப் பொருத்தி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள்.

லீவரை இரண்டு, மூன்று முறை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று இளக்குங்கள். லீவர் ஹேண்டில்பாரை நோக்கி இறங்கும், ட்யூபில் பழையது வரும். நிப்பிளை இறுக்கிய பிறகே லீவரை விடுங்கள். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். தொட்டியில் கீழ்க்கோட்டுக்கு வராமல் அடிக்கடி நிரப்பிக்கொண்டே, ட்யூபில் குமிழி நின்று, தெளிந்த நிறம் வரும்வரை இதையே தொடருங்கள். கடைசியில் லீவர் கல்லாக நிற்க வேண்டும். தெருவில் நடை வேகத்தில் பத்து முறை பிரேக் பிடித்துப் பார்த்து, நிப்பிளில் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே பெரிய சாலைக்குப் போங்கள்.

ஃபோர்க் ஆயிலும் பேட்டரித் தண்ணீரும்

பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் தடதடவென்று அடித்தால் ஃபோர்க் ஆயில் போய்விட்டது என்று பொருள். கீழே வடிக்கும் திருகு உள்ள வண்டிகளில் மட்டும் வீட்டில் முயலுங்கள். முன்சக்கரம் தரையில் படாதபடி முட்டுக் கொடுத்து, மேல் போல்ட்டை ஸ்பிரிங் எகிறாமல் கையால் அழுத்தியபடி திறந்து, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் செய்ய வேண்டும். இரண்டு காலுக்கும் ஆயில் சரிசமமாக, கையேட்டில் சொன்ன மில்லி அளவில் இருக்க வேண்டும். சீல் கசிந்தால் பட்டறைதான்.

பழைய வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு பேட்டரிக்கு எமன்.

வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால்

2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015-இல் கடலூர் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல். அந்த ஃபெஞ்சல் சமயத்தில் புதுச்சேரியில் வீதிகள் மூழ்கின, சாத்தனூர் அணையின் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர்ப் பக்கத்தையும் பிடித்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் தெருவெங்கும் கேட்பது கிக்கர் சத்தம்தான். அதைத்தான் செய்யக்கூடாது.

மூழ்கிய வண்டியில் சாவியே போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. ஓடவைத்தால் கனெக்டிங் ராட் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சி வெளியேறும், முகத்தை விலக்கி வையுங்கள். ஆயிலை வடியுங்கள். முதலில் தெளிந்த தண்ணீரே வரும். கனமானது அடியில் நிற்பதால். பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர் கிண்ணம், ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் காலி செய்து துடைத்து உலர்த்துங்கள்.

பிறகு இருப்பதில் மலிவான ஆயிலை, ஜாசோ எம்.ஏ. குறியீடு பார்த்தே, ஊற்றி, பிளக்கை மாட்டி, வண்டியை ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு வடியுங்கள். காப்பி நிறம் வரும். மறுபடி ஊற்றி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி வடியுங்கள். நிறம் போகும்வரை இது தொடர வேண்டும். ஒரே தடவையில் போகாது. நல்ல ஆயிலை அதற்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் பேரிங்குகளில் துரு பிடித்துவிடும், உப்புத் தண்ணீர் என்றால் நாள் கணக்குதான். மூழ்கியது டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டிரம் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றிச் சேற்றைத் துடைக்காமல் ஓட்டாதீர்கள்.

வடித்ததை என்ன செய்வது

சாக்கடையிலோ கெடிலத்திலோ காலி மனையிலோ ஊற்றாதீர்கள். பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. மண்ணில் இறங்கினால் பக்கத்துக் கிணறு வரை போகும். கதவுக் கீலுக்கு, கரையான் வந்த மரத்துக்கு என்று பூசும் பழக்கமும் வேண்டாம். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. வெறுங்கையால் தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெட்ரோலில் கழுவாதீர்கள்.

காலியான ஆயில் பாட்டிலிலேயே ஊற்றி மூடி, 'பழைய ஆயில்' என்று எழுதி, குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். பெரிய பட்டறைகளில் பழைய ஆயிலுக்குப் பேரல் வைத்திருப்பார்கள், மறுசுழற்சிக்கு எடுத்துச் செல்பவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். அங்கே கேட்டுக் கொடுத்துவிடலாம். பிரேக் ஆயிலை இதோடு கலக்காமல் தனி பாட்டிலில் கொடுங்கள். வாசலில் சிந்தியதன் மேல் மரத்தூளைத் தூவி ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டி எடுங்கள். தேதியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் ட்ரெயின் போல்ட்டுக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஸ்பேனரை எடுத்து ஒரு சிறு இழுப்பு. அதற்கும் நிற்காவிட்டால் வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.